வௌவால்களின் வக்கீல்

என் மனைவி கோரினிடம் வௌவாலைப் பற்றிப் பேச்சு கொடுத்தவர்கள் யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. அவளுக்கு மாநில வனவிலங்குத் துறையில் உத்தியோகம். வௌவாலைப் பிடித்து, எடை போட்டு, கையில் வளையம் மாட்டி, மறுபடி பறக்க விடுவதற்கு வெர்மான்ட் அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. நான் நார்த் கில்பி ஊரின் சாலைப் பொறுப்பாளன். குளிர்காலத்தில் பனி தள்ளுவேன், பனி உருகினால் சேற்றில் புதைந்த கார்களை இழுப்பேன், வருடம் முழுக்கத் திட்டு வாங்குவேன். என் பெயர் ரெமி. ஊரில் பாதிப் பேருக்கு நான் ‘வௌவால்காரி புருஷன்’.

கல்யாணமான புதிதில் அவள் குகைக்குப் போய்த் திரும்பினால் வீடு கலகலவென்று இருக்கும். பிறகு அந்த வெள்ளைப் பூஞ்சை வந்தது. குளிர்காலம் முழுவதும் தூங்க வேண்டிய வௌவால்களின் மூக்கிலும் இறக்கையிலும் மாவு அப்பினாற்போலப் பூத்து, பாதித் தூக்கத்தில் எழுப்பி, சேர்த்து வைத்த கொழுப்பையெல்லாம் கரைத்து, பசியோடு வெளியே துரத்தியது. வெளியே ஒரு பூச்சிகூடக் கிடையாது. பிப்ரவரி வெயிலில் பனிமேல் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. பத்தில் ஒன்று மிஞ்சிய குகையை நல்ல குகை என்றார்கள். அந்த வருடங்களில் அவள் வீட்டுக்கு வந்ததும் நான் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் அவள் வக்கீலானாள். மிஞ்சிய வௌவால்களுக்கு வக்கீல். தலைமயிரில் சிக்கிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரு பதில். ரத்தம் குடிக்கும் என்றால் ஒரு பதில். நோய் பரப்பும் என்றால் அரைமணி நேரப் பதில். நூலகத்தில், பள்ளிக்கூடத்தில், கடையில் பால் வாங்க நிற்கும் வரிசையில் என்று எங்கேயும் அவள் இந்தப் பதில்களைச் சொல்லியிருக்கிறாள். எனக்கே மனப்பாடம். நடுவில் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள் என்பது வரைக்கும் தெரியும்.

எங்கள் பள்ளத்தாக்கில் மிஞ்சிய ஒரே பெரிய கூட்டம் எங்கள் ஊர் சர்ச்சின் பரணில்தான் இருந்தது. கோடையில் தாய் வௌவால்கள் அங்கே வந்து குட்டி போடும். ஜூன் மாதச் சாயங்காலங்களில் கோரினும் நாலைந்து தொண்டர்களும் புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூரை இடுக்கிலிருந்து புறப்படும் ஒவ்வொன்றையும் எண்ணுவார்கள். எண்ணிக்கை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறும்போதெல்லாம் என் மனைவிக்கு வயது குறைந்தது.

வெண்டலுக்கு மட்டும் ரத்தக்கொதிப்பு ஏறியது. வெண்டல் பார்க்கர்ஸ்ட் சர்ச்சின் கட்டடக் குழுத் தலைவர், எழுபதைத் தாண்டியவர், ஓய்வு பெற்ற தச்சர். கூரைப் பலகையின் விரிசல் வழியாக வௌவால் புழுக்கை பாட்டுப் புத்தகங்களின்மேல் உதிர்கிறது என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

“போன ஞாயித்துக்கிழமை பிரசங்கத்து நடுவுல என் வழுக்கைல விழுந்துச்சு,” என்பார். “கர்த்தர் எனக்கு ஏதோ சொல்ல வர்றாரு போல.”

“தலைல தொப்பி போடுன்னு சொல்றாரு,” என்பாள் கோரின்.

“கூரை ஓட்டைய அடைன்னு சொல்றாரு. நான் ஒருநாள் அடைக்கத்தான் போறேன், பாத்துக்கிட்டே இரு.”

இது வருடக்கணக்காக நடக்கும் சண்டை. ஆனால் சென்ற கோடையில் புழுக்கை ஞானஸ்நானத் தொட்டியிலேயே விழுந்துவிட்டது. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தையின் பெற்றோர் பாஸ்டனிலிருந்து வந்தவர்கள். வெண்டலின் கட்சி வலுத்துப் போயிற்று. வசந்தத்தில் வௌவால்கள் திரும்பி வருவதற்குள் சபையார் கூடி வாக்கெடுத்து முடிவு செய்வதென்று ஆயிற்று.

கோரின் சும்மா இருப்பாளா? வௌவாலால் மனிதர்களின் உடம்புக்கு நன்மைதான் என்று நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். அவை என்ன தின்கின்றன என்பது புழுக்கையில் தெரியும். நோய் பரப்பும் கொசுக்களை எத்தனை தின்கின்றன என்று கணக்குக் காட்டினால் சபையார் வாயடைத்துப் போவார்கள் என்பது அவள் எண்ணம். அக்டோபரில், வௌவால்கள் குகைக்குப் போன பிறகு, பரணில் ஏறி உட்கார்ந்து புழுக்கையைச் சலிக்கத் தொடங்கினாள். சல்லடை வைத்து, வாரக்கணக்கில். மூட்டைகளைக் கீழே இறக்கியது நான். தூசி தாங்காமல் மூக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவேன், மூட்டையைத் தூக்குவேன், ஓடி வந்துவிடுவேன்.

அவளோ அந்தத் தூசிக்குள் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, கையுறை, பூட்ஸ். மாஸ்க் மட்டும் நெற்றியில் ஏறியிருந்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அங்கி, பூட்ஸ், சல்லடை எல்லாவற்றையும் கொதிக்கிற வெந்நீரில் அமுக்கிக் கழுவுவாள். அவர்கள் தொழிலில் அதுதான் முதல் சட்டம். ஒரு இடத்துப் பூஞ்சையை இன்னொரு இடத்துக்கு மனிதர்கள் சுமந்துகொண்டு போய் வௌவாலைக் கொன்றுவிடக் கூடாது. வௌவாலுக்கு எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்பதில் அவளுக்கு இருந்த கவனத்தில் கால்வாசி தன்மேல் இருந்ததில்லை. வௌவால் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான்.

நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தின்போது அவளுக்கு இருமல் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு அவளுடைய கல்யாணமோதிரம் விரலில் கழன்று ஆடியது. புத்தாண்டு முடிந்ததும் இரவில் வியர்த்து நனைந்து எழுந்தாள். ஜனவரியில் வலுக்கட்டாயமாக எங்கள் ஊர் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்ததில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு புள்ளி இருந்தது. பக்கத்தில் நெறி கட்டியிருந்தது.

அங்கே இருந்தவர் சின்ன வயது டாக்டர். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. புகை பிடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை. வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்ததுண்டா? கோரினின் அம்மாவுக்கு. அதைக் கேட்டு அவர் முகம் மாறியது. பிறகு பாவம், அந்தப் பையன் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“நீங்க வௌவால் ஆராய்ச்சி பண்றதா போட்டிருக்கு. அதோட எச்சத்துல இருந்து நுரையீரலுக்கு ஒரு பூஞ்சை வரும்னு படிச்சிருக்கேன். அதுக்கு ஏதாவது...”

கோரின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தொடங்கிவிட்டது.

“தம்பி, எல்லாரும் மொதல்ல வௌவால் தலைலதான் கைய வைக்கிறாங்க. மனுஷங்களுக்கு வர்ற அந்தப் பூஞ்சை தெற்கே, பெரிய ஆத்துப் பள்ளத்தாக்குகள்ல இருக்கு. நம்ம மாநிலத்துல கிடையாது. நீங்க புஸ்தகத்துல படிச்சிருக்கீங்க. நான் இதுலயே வாழ்ந்துக்கிட்டிருக்கேன். ஒரு வௌவால் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கொசு தின்னுதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் வெளியே வரும்போது தெரிந்திருந்தது. அந்தக் கேள்விக்கு நேரே ‘வௌவால் எச்சத்தோடு தொடர்பு இல்லை’ என்று எழுதிவிட்டு, எங்களை ஏரிக்கரை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். இந்த விஷயத்தில் மாநிலத்திலேயே பெரிய ஆள் தன் எதிரில் உட்கார்ந்து இல்லை என்று சொல்லும்போது அவரால் வேறென்ன எழுத முடியும்?

அதற்கப்புறம் பாத்திரங்கள் வரத் தொடங்கின. எங்கள் ஊரில் யாருக்காவது பெரிய நோய் என்று காதில் விழுந்தால் வாசலில் மூடிய பாத்திரங்கள் வந்து உட்காரும். அடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். முதல் வாரம் பீன்ஸ், இரண்டாவது வாரம் மாவுக்குள் கோழிக்கறி வைத்துச் சுட்ட ‘பை’. மூன்றாவது வாரத்தில் ஊரே சமைத்தால், ஊர் உங்கள் கதையை முடித்துவிட்டது என்று அர்த்தம். வெண்டலும் ஒரு மக்ரோனி கொண்டுவந்தார். உள்ளே வரவில்லை. கதவடியில் வைத்துவிட்டுத் தன் வண்டியைப் பார்த்தபடியே, “நல்லாப் பாத்துக்க அவள,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு திட்டு இல்லை, ஒரு கிண்டல் இல்லை. வெண்டல் மரியாதையாகப் பேசுகிறார் என்றால் நிலைமை அவ்வளவு மோசம்.

கோரின் அந்தப் பாத்திரங்களில் எதையும் தொடவில்லை. நானும்தான். குளிர்ப்பெட்டி நிரம்பி, தாழ்வாரத்துப் பனியில் வரிசையாக அடுக்கி வைத்தேன்.

பிப்ரவரி கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கெஸ்லரைப் பார்த்தோம். நுரையீரல் நிபுணர், எங்கள் வயதுப் பெண்மணி, சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். படத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“நான் மறைக்க விரும்பல. இது புற்றுநோய் மாதிரிதான் தெரியுது. நுரையீரல்ல மேல் மடலை எடுத்துட வேண்டியிருக்கும். நெறியும் கட்டியிருக்கறதால அதுக்கப்புறம் மருந்தும் இருக்கும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவை நானே கேட்டுக்கறேன். இங்க வௌவால் எச்சத்தோட தொடர்பு இல்லைன்னு போட்டிருக்கு. உங்க தொழில் வௌவால். அது எப்படி?”

“ஓ, அதுவா,” என்றாள் கோரின். குரல் மெலிந்து போயிருந்தது, ஆனால் பாடம் அதே பாடம். “அந்தப் பூஞ்சை தெற்கே ஆத்துப் பள்ளத்தாக்குகள்ல...”

என்னால் முடியவில்லை. மேசையைத் தட்டினேன். பேனா ஒன்று உருண்டு விழுந்தது.

“மூட்டை மூட்டையா சலிச்சாளே டாக்டர்! சர்ச்சுப் பரண்ல, அக்டோபர் மாசம் முழுக்க. மூட்டைய எறக்குனது நான். உள்ள ஆள் மூஞ்சி தெரியாது, அவ்வளவு தூசி. மாஸ்க்க நெத்தில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா!”

“ரெமி!” கோரின் கண்ணாலேயே என்னைச் சுட்டாள். “நீ யார் கட்சி?”

“ஒன் கட்சிடி! வேற யார் கட்சி? ஒனக்குன்னு பேச இந்த ரூம்ல ஒருத்தராவது வேணாமா? நீயே அதுங்களுக்கில்ல பேசிக்கிட்டிருக்க!”

டாக்டர் கெஸ்லர் பேனாவைக் குனிந்து எடுத்தார். நிதானமாக எடுத்தார், எங்களுக்கு மூச்சு விட நேரம் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

“அந்தப் பூஞ்சை எங்கெங்க இருக்குன்னு போட்ட வரைபடம் ரொம்பப் பழசு, கோரின்,” என்றார். “இங்கயும் அது இருக்கு. நானே இதே கட்டடத்துல பாத்திருக்கேன். கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பாத்துடுவோம். மூச்சுக்குழாய் வழியா ஒரு சின்னக் குழாய விட்டு, அந்தப் புள்ளில ஒரு துளி கிள்ளியும் எடுப்போம். அதுதான் உண்மையைச் சொல்லும்.”

வீடு திரும்ப ஒன்றரை மணி நேரம். நான் பிடிவாதமாக ரேடியோவைப் போட்டுக்கொண்டு வந்தேன். பெட்ரோல் போட நிறுத்தினபோதுதான் கோரின் வாயைத் திறந்தாள்.

“அந்தப் பூஞ்சையா இருந்துச்சுன்னா வெண்டல் என்ன பண்ணுவாருன்னு தெரியுமா?”

“வெண்டல் எக்கேடும் கெட்டுப் போகட்டும்.”

“ஒரே ஒரு வாக்கியம் போதும் அவருக்கு. ‘வௌவால்காரிக்கே வௌவால்கிட்ட இருந்து நோய் வந்துச்சு.’ மறுநாளே கூரைய அடைச்சிருவாங்க. இந்த ஊர் மட்டுமில்ல ரெமி, மாநிலம் பூரா ஒவ்வொரு களஞ்சியமும், ஒவ்வொரு சர்ச்சும். மிஞ்சினதே கொஞ்சம்.” கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: “புத்துநோயா இருந்தா என்னோட போயிடும். இதா இருந்தா அதுங்க எல்லாம் போயிடும்.”

எனக்கு வந்த கோபத்தில் பெட்ரோல் குழாயை அப்படியே வண்டியில் செருகியபடி விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

“பைத்தியக்காரி,” என்றேன். “நான் ஒரு பக்கம் ஒக்காந்து, கடவுளே அது பூஞ்சையா இருக்கட்டும், பாழாப்போன வௌவால் பூஞ்சையா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டு வர்றேன். நீ இன்னொரு பக்கம் ஒக்காந்து அது புத்துநோயா இருக்கட்டும்னு வேண்டுறியா?”

“அப்படி வேண்டல.”

“பின்ன?”

அவள் அழ ஆரம்பித்தாள். “பயமா இருக்கு ரெமி. எதை நெனச்சாலும் பயமா இருக்கு. எதுக்கு வேண்டிக்கறதுன்னே தெரியல.”

அவ்வளவு நாளில் அவள் பயத்தை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். பின்னால் நின்றிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழாய் விட்டுத் துளி எடுத்தார்கள். பிறகு காத்திருந்தோம். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாலையெல்லாம் சேறு. நான் கார்களை இழுத்தேன். யாருடைய காரை இழுத்தேன் என்றுகூட நினைவில்லை.

தொலைபேசி வந்தபோது இரண்டு பேரும் சமையலறையில் இருந்தோம். காலை வேளை. கோரின் எடுத்து, மேசைமேல் வைத்து, எனக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்தினாள்.

“புற்றுநோய் இல்ல,” என்றார் டாக்டர் கெஸ்லர். ‘ஹலோ’கூடச் சொல்லவில்லை. இன்றுவரை அதற்காக நான் அந்த அம்மாளை வாழ்த்துகிறேன். “பூஞ்சை. ரத்தத்துலயும் இருக்கு, எடுத்த துளிலயும் இருக்கு. நுண்ணோக்கில நானே உக்காந்து பாத்தேன். புற்றுநோய்ச் செல் ஒண்ணுகூட இல்ல.”

“நிச்சயமா?” என்றாள் கோரின்.

“நிச்சயமா. கத்தி வேணாம். சில மாசத்துக்கு மாத்திரை சாப்பிடணும். அந்தப் புள்ளி தழும்பா நின்னுடும். நீங்க நல்லா ஆயிடுவீங்க.”

கோரின் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து, காலை நீட்டி, சின்னப் பெண் மாதிரி. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனில் டாக்டர் ‘இருக்கீங்களா, இருக்கீங்களா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருக்கிறோம் என்று நான் கத்தினேன். இருக்கிறோம்!

அப்புறம் எனக்குப் பசித்தது. வாரக்கணக்கில் வராத பசி. தாழ்வாரத்துக்குப் போய்க் கையில் கிடைத்த பாத்திரங்களைத் தூக்கி வந்தேன். சூடுகூடப் பண்ணாமல் தரையிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே கரண்டியால் வெண்டலின் மக்ரோனியைத் தின்றோம். உப்பே இல்லை. உலகத்தில் அதைவிட நல்ல சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

“வெண்டல்கிட்ட சொல்லாத,” என்றாள் அவள், வாய் நிறைய மக்ரோனியோடு.

“யார்கிட்டயும் சொல்லல. நிமோனியான்னு சொல்லிடலாம்.”

அப்படித்தான் சொல்வதாக இருந்தோம். என் மனச்சாட்சி அன்று ரொம்பப் பெரிய மனசோடு இருந்தது. கோரின் உயிரோடிருந்தால் போதும், நிமோனியா என்ன, யானைக்கால் என்றுகூடச் சொல்வேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் சபைக்கூட்டம். காப்பி, ஆப்பிள் சாறு விட்டுச் சுட்ட டோனட், இரும்பு நாற்காலிகள். வெண்டல் எழுந்து நின்று வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்தார். ஆனால் கோரின் பக்கம் பார்க்காமலே பேசினார். அவளைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை என்று தெரிந்தது.

“ரொம்பப் பேச வேணாம்னு பாக்கறேன். செலவு ஒண்ணும் ஆகாது. வர்ற வாரம் நானே மேல ஏறி, மிச்சம் மீதியெல்லாம் கூட்டித் தள்ளிட்டு, கூரை இடுக்க அடைச்சிடறேன். வெளக்குமாறும் ஏணியும் எங்கிட்டயே இருக்கு.”

என் பக்கத்தில் கோரினின் உடம்பு விறைத்தது. கையைப் பிடித்தேன். வேண்டாம் என்று அழுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“அவரு வெளக்குமாறு எடுத்துக்கிட்டு ஏறப் போறாரு ரெமி,” என்று கிசுகிசுத்தாள். “எழுபத்து மூணு வயசு.”

கையை விட்டேன். வேறென்ன செய்ய முடியும்? அவள் எழுந்து நின்றாள். சட்டை தோளில் தொங்கியது. ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

“வெண்டல், நீங்க மேல ஏறக் கூடாது,” என்றாள் கோரின். “இத்தனை வருஷமா நான் உங்க எல்லார்கிட்டயும் சொன்னதுல ஒண்ணு தப்பு. வௌவாலால நம்ம ஊர்ல யாருக்கும் எந்த நோயும் வராதுன்னு சொன்னேன். எனக்கு வந்திருக்கு. அந்தக் காஞ்ச புழுக்கைத் தூசில ஒரு பூஞ்சை இருக்கு. அதைக் கிளறி மூச்சுல இழுத்துட்டேன். வௌவால் ஒண்ணும் பண்ணல, சும்மா தலைகீழா தூங்கிட்டுப் போச்சு. நான்தான் மாஸ்க் போடாம சலிச்சேன். நீங்க வெளக்குமாறு போட்டுக் கூட்டுனா உங்களுக்கும் வரும், உங்க வயசுல அது தாங்காது. இதை வெச்சு நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி. ஆனா தெரியாம எடுக்கக் கூடாது.”

உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் வெண்டலைப் பார்த்தார்கள். இருபது வருடச் சண்டையில் ஜெயித்த ஆள். கையில் ஓட்டுச் சீட்டுகள் வைத்திருந்த தொப்பி. அவர் முகம் என்னவோ போல் ஆகிக்கொண்டிருந்தது.

“இரு, இரு,” என்றார். “பூஞ்சையா? அந்தப் புள்ளி... பூஞ்சையா?”

“ஆமா.”

“அப்ப நீ சாகல?”

“சாகல வெண்டல்.”

“டாக்டர் சொன்னாரா? நல்லாப் பாத்துட்டுச் சொன்னாரா?”

“நுண்ணோக்கில பாத்துட்டுச் சொன்னாங்க. மாத்திரை சாப்பிட்டாப் போதுமாம்.”

வெண்டல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தொப்பி சாய்ந்து சீட்டெல்லாம் தரையில் கொட்டியது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. என் வாழ்க்கையில் அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

“எட்னாவுக்கும் ஒரு புள்ளிதான்,” என்றார் கைகளுக்குள்ளிருந்து. எட்னா அவருடைய மனைவி. நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் அடக்கம் செய்தோம். “அவளுக்கும் அதே எடத்துல ஒரு புள்ளின்னுதான் ஆரம்பிச்சுது. ஒனக்கும் அதேன்னு கேட்டதுல இருந்து நான் ஒழுங்கா தூங்கல தெரியுமா? ஏன்டி, இதை மொதல்லயே வந்து சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீங்க கூரைய அடைச்சிருவீங்களே.”

“கூரை!” வெண்டல் மூக்கை உறிஞ்சினார். “கூரையாவது மண்ணாவது. நீ இருக்க. ஒன்னோட சண்டை போட நீ இருக்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சபையாரைப் பார்த்துக் கத்தினார்: “என்ன எல்லாரும் வேடிக்கை பாக்கறீங்க? தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கறேன். கூரை இடுக்கு அப்படியே இருக்கட்டும். கீழ, நம்ம தலைக்கு மேல, விரிசல் இல்லாம இன்னொரு பலகைத் தளம் அடிச்சுடறேன். மேல அதுங்க பாட்டுக்கு இருக்கும், கீழ நாம பாட்டுக்கு இருப்போம். சுத்தம் பண்றதுக்கு முறையாத் தெரிஞ்ச ஆளுங்கள வரவழைங்க, மாஸ்க்கு அங்கியோட. எவனாவது இதுக்கு எதிரா ஓட்டுப் போடறீங்களா?”

யாரும் போடவில்லை. போட்டிருந்தால் வெண்டல் அவனை அங்கேயே அடித்திருப்பார். யாரோ கைதட்ட ஆரம்பித்து, எல்லாரும் தட்டி, கோரினைக் கட்டிப் பிடிக்க வரிசை கட்டிவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டும் இருமிக்கொண்டும் இருந்தாள். வெண்டல் கடைசியாக வந்து, கையை நீட்டி, “என் மக்ரோனிப் பாத்திரம் எங்க?” என்று கேட்டார். உப்பு போடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னாள். பழைய கிண்டலெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பினேன். வெயில் நன்றாக அடித்தது. ஓடைப் பாலம் தாண்டியதும் சாலை மங்கலாகிவிட்டது. கண்ணாடியில் சேறு என்று நினைத்துத் துடைப்பானைப் போட்டேன். சேறு இல்லை. ஜனவரியிலிருந்து ஒரு சொட்டு வராத கண்ணீர், அத்தனையும் இப்போது வந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதேன்.

கோரின் என் முதுகைக் கொஞ்ச நேரம் தடவிக் கொடுத்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, சேற்றில் கால் வைத்துச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“நகரு,” என்றாள். “நான் ஓட்டறேன்.”

நகர்ந்து உட்கார்ந்தேன். வீடு வரைக்கும் அவள்தான் ஓட்டினாள்.